முதுகுச் சதைக்கும் ஒரு வேலை இருக்கிறது

“மூணு வழி இருக்கு,” என்றார் அறுவை மருத்துவர். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, பெண் உருவம் ஒன்றை வரைய ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்குக் கை வேகம். தலை, தோள், இடுப்பு எல்லாம் நாலு கோட்டில் முடிந்துவிட்டன.

மேஜைக்கு இந்தப் பக்கம் கணவனும் மனைவியும். மனைவிக்கு வயது நாற்பத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை வந்தால் கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. அடுத்தவர் கண்ணில் இம்மி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று மட்டும் பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஸ்பேனருக்கு வலது மார்பில் இரண்டு இடத்தில் கட்டி. முழு மார்பையும் எடுத்தாக வேண்டும் என்பது போன வாரமே முடிவாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். எடுத்த பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

“ஒண்ணு, சிலிகான் வைக்கலாம். ஆனா உங்களுக்குப் பின்னால கதிர்வீச்சு கொடுக்கணும். அதனால சில பேருக்கு சிலிகானைச் சுத்தி இறுகிப்போய் வலிக்கும். ரெண்டு, வயித்துச் சதையை எடுத்து மார்பு மாதிரி அமைக்கலாம்.” மருத்துவர் ஸ்பேனரை மேலும் கீழும் பார்த்தார். “உங்க வயித்துல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே!”

“என்கிட்ட தாராளமா இருக்கு டாக்டர். எடுத்துக்கறீங்களா?” என்றான் கணவன்.

“உங்களோடது அவங்களுக்கு ஒட்டாது.”

“பதினாறு வருஷமா அதான் பிரச்சினை,” என்றாள் ஸ்பேனர்.

மருத்துவர் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு முதுகு முளைத்தது. “மூணாவது வழி இதுதான். தோள்பட்டைக்குக் கீழ அகலமா ஒரு தசை இருக்கு. அதை மேல இருக்கற தோலோட சேர்த்து, ரத்தக் குழாயை அறுக்காம, அக்குள் வழியா முன்பக்கம் கொண்டுவந்துடலாம். உங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். எதுவுமே வைக்காம தைச்சு விடறதும் உண்டு.”

கடைசி வாக்கியம் முடிவதற்குள் பேனாவின் மூடி மூடிக்கொண்டது.

“அந்தத் தசை இப்ப முதுகுல என்ன வேலை பார்த்துட்டிருக்கு டாக்டர்?” என்று கேட்டாள் ஸ்பேனர்.

மருத்துவர் நிமிர்ந்தார். வழக்கமாக யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. “மேல தூக்கின கையைக் கீழ இழுக்கறது அதுதான். எடுத்துட்டா பக்கத்துத் தசைங்க அந்த வேலையைப் பகிர்ந்துக்கும். பலம் கொஞ்சம் குறையும். உங்க வேலைக்கு அதனால ஒரு தொந்தரவும் வராது.”

“அப்ப முதுகுலேருந்தே எடுத்துடுங்க,” என்றான் கணவன் அவசரமாக.

“வெள்ளிக்கிழமை வாங்க. கையெழுத்துப் போட்டுடலாம்.”

ஸ்பேனரும் தலையாட்டிவிட்டாள். டாக்டரே தன் வேலைக்கு ஆபத்தில்லை என்கிறார், அப்புறம் என்ன? ஆனால் வீடு வந்து சேருகிறவரை அந்த ஒரு வாக்கியம் செருப்பில் சிக்கிய கல் போல உறுத்திக்கொண்டே வந்தது. மேலே தூக்கிய கையைக் கீழே இழுப்பது. அதைத்தானே அவள் காலையிலிருந்து மாலை வரை செய்கிறாள்?

மறுநாள் புதன்கிழமை ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் நின்று நாலு நாள் ஆகியிருந்தது. மொட்டை மாடியில் இருக்கிற மோட்டார் அறையில் பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியதை ஏற்ற வேண்டும். கூரைக் கொக்கியில் செயின் பிளாக்கை மாட்டி, சங்கிலியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இழுத்தால் மோட்டார் அங்குலம் அங்குலமாக மேலே ஏறும்.

அவளோடு ஜோடியாக வேலை செய்கிறவருக்கு மௌனி என்று பெயர். வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

“ஸ்பேனரு, நீ ஆஸ்பத்திரியில படுத்துட்டா உன் இடத்துக்கு ஒரு ஆளு போடறாங்களாம். எனக்கு அந்தாளோட ஒத்துவராது, இப்பவே சொல்லிட்டேன். அவன் பேசவே விடமாட்டேங்கறான்.”

“கீழ போய் நாலு போல்ட்டு எடுத்துட்டு வாங்க. படி முழுக்கப் பேசிக்கிட்டே போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க.”

அவர் இறங்கிய வழியிலேயே மூச்சு வாங்க ஏறி வந்தாள் அண்ணி. கணவனின் அக்கா. இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், “தம்பி பொண்டாட்டி கம்பெனியில இருக்கா,” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்றால் பேச்சு மாறிவிடும்.

“ஏண்டி, இன்னும் எத்தனை நாளு? கிரீம் தடவிக்க வர்றவங்க மூணு மாடி ஏறி வந்து வேர்த்துக் கொட்டறாங்க. முகத்துல போட்டது கழுத்துக்கு இறங்கிடுது!”

“நாளைக்குச் சாயங்காலம் ஓடும் அண்ணி.”

“சரி, தம்பி எல்லாம் சொன்னான். முதுகுலேருந்து எடுக்கறதா முடிவாயிடுச்சாமே. நல்லது. என்கிட்ட ஒரு அம்மா வர்றாங்க, இதேதான் பண்ணிக்கிட்டாங்க. கண்ணாடி முன்னாடி உக்காந்து, ‘நான் பழைய மாதிரியே இருக்கேன்’னு சொல்லி அழுதாங்க. சந்தோஷத்துல.”

“அவங்க என்ன வேலை பார்க்கறாங்க?”

“டீச்சரு. ஏன்?”

ஸ்பேனர் சங்கிலியைப் பிடித்தாள். “அண்ணி, கையில கிரீம் இருக்கா?”

“இல்லையே.”

“அப்ப இங்க வைங்க. அக்குளுக்குக் கீழ, முதுகுப் பக்கம். நல்லா அழுத்தி வைங்க.”

“எதுக்குடி? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“மொட்டை மாடியில காக்காதான் பார்க்கும். வைங்க.”

அண்ணி வைத்தாள். ஸ்பேனர் வலது கையை உயர்த்திச் சங்கிலியைப் பற்றி இழுத்தாள். கடகடவென்று சத்தம். மோட்டார் ஓர் அங்குலம் ஏறியது. அண்ணி வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“ஐயோ! உள்ள பெருச்சாளி புரள்ற மாதிரி இருக்கு!”

“இன்னொரு தடவை வைங்க.”

இந்தத் தடவை அண்ணி கையை எடுக்கவில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சதை திரண்டு, இறுகி, தளர்ந்தது. பத்து இழுப்பு. பிறகு ஸ்பேனர் வலது கையைத் தொங்கவிட்டு இடது கையால் மட்டும் இழுத்துப் பார்த்தாள். நாலு இழுப்பில் மூச்சு இரைத்தது. ஒற்றைக் கையில் சங்கிலி கோணிக்கொண்டு சிக்கியது.

“அவங்க எடுக்கப்போறது இதைத்தான் அண்ணி. சங்கிலியாவது பரவாயில்ல, ரெண்டு பேரு சேர்ந்து இழுக்கலாம். லிஃப்ட் குழிக்குள்ள சுவரோட செங்குத்தா ஏணி இருக்கு. அதுல ஒவ்வொரு படிக்கும் உடம்பைத் தூக்கறது இந்தக் கைதான். அங்க பக்கத்துத் தசை பகிர்ந்துக்கும்னு நம்பி ஏற முடியாது.”

அண்ணி தன் உள்ளங்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அழகு நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக எத்தனையோ முதுகுகளைத் தேய்த்துவிட்டவள். இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

“சரி, முதுகு வேணாம். அந்த சிலிகானை வைக்கச் சொல்லு.”

“கதிர்வீச்சுல இறுகிப்போகலாமாம். அப்புறம் அதுக்கு ஒரு ஆபரேஷன். எனக்கு ஒரே ஒரு ஆபரேஷன் போதும் அண்ணி. சீக்கிரம் ஆறணும், திரும்பி வரணும். எதுவும் வைக்க வேணாம்னு சொல்லப்போறேன்.”

“ஒரு பக்கம் மட்டும் தட்டையாவா? பொம்பளைக்கு ஒரு லட்சணம் வேணாமாடி? நாளைக்கு நீ கண்ணாடி பார்க்கறப்ப உனக்கே...” அண்ணியின் குரல் உடைந்தது. “உன்னைக் குறை சொல்லலடி. நீ உடைஞ்சு உக்காந்துடுவியோன்னு பயமா இருக்கு.”

“நான் உடைஞ்சு உக்காரணும்னா அது இந்த ரூமுக்கு வர முடியாமப் போற அன்னிக்குத்தான் அண்ணி. கண்ணாடியை அப்புறம் பார்த்துக்கறேன்.”

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “டாக்டரு உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னதா தம்பி சொன்னானே?”

“அதான் எனக்கும் புரியல. ஏணி ஏறறவ முதுகுல கை வச்சுட்டு எப்படி ஒண்ணும் ஆகாதுங்கறாங்க? என் வேலை என்னன்னு அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

சொல்லி முடித்ததும் அவளுக்கே பொறி தட்டியது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது படிவத்தை நிரப்பியது யார்?

மதிய இடைவேளையில் கிரீஸ் படிந்த உடுப்போடே கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். உள்ளறையில் கணவன் ஒரு பெரியவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து போனதும் சோதனை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

“என்ன, கண்ணு தெரியலையா?” என்றான்.

“தெரியுது. படிவத்துல வேலைங்கற கட்டத்துல என்ன எழுதினீங்க?”

அவன் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை மெதுவாகத் துடைத்தான். தேவைக்கு மேல் துடைத்தான். “கம்பெனி வேலைன்னு.”

“கம்பெனி வேலை!”

“பொய்யா எழுதினேன்? கம்பெனிதானே சம்பளம் கொடுக்குது?”

“அந்த அம்மா என்னை நாற்காலியில உக்காந்து தட்டச்சு பண்றவன்னு நினைச்சுக்கிட்டு என் முதுகை வெட்டத் தேதி குறிச்சிருக்காங்க. லிஃப்ட் மெக்கானிக்னு எழுத உங்களுக்கு என்ன கூச்சம்?”

“கூச்சம் இல்ல. பழக்கம். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். கை தானா எழுதிடுச்சு.” அவன் முகம் சிவந்திருந்தது. “தப்புதான். போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“நீங்க பண்ண வேணாம். வெள்ளிக்கிழமை நான் சொல்லிக்கறேன். இன்னொண்ணும் சொல்லப்போறேன். எதுவும் வைக்காம விட்டுடுங்கன்னு.”

அவன் எதிரே இருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தான். வாசலில் யாரோ வந்து மணியை அடித்தார்கள், அவன் எழவில்லை.

“கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்,” என்றான். “வேலைக்கு வேற ஏதாவது வழி கிடைக்கும். அலுவலகத்துலயே ஒரு இடம் கேக்கலாம்.”

“கேட்டா கொடுப்பாங்க. பழுதான லிஃப்டுக்கு போன் எடுத்து, ‘ஆள் அனுப்பறோம் சார்’னு சொல்ற வேலை. இத்தனை நாளா அந்த ஆளா போயிட்டிருந்தவ நான். ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் தட்டையா இருந்தா கஷ்டப்படப்போறது நானா, நீங்களா?”

மறுபடி மணி அடித்தது.

“தெரியல,” என்றான் அவன் கடைசியில். “நானா இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு. பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்த வியாதிதான் ஞாபகம் வருமோன்னு பயம்.”

அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். வெள்ளைப் பேண்ட்டில் ஐந்து விரலும் கிரீஸாகப் பதிந்தன.

“அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதுக்காக முதுகைக் கொடுக்க முடியாது. போய் வாசல்ல நிக்கறவரைப் பாருங்க.”

வெள்ளிக்கிழமை மூவராகப் போனார்கள். அண்ணியைக் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

மருத்துவர் படிவத்தை நீட்டினார். ஸ்பேனர் பேனாவை வாங்கவில்லை. “டாக்டர், முதல்ல அந்த ஃபைல்ல என் வேலையை மாத்திடுங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். சங்கிலி இழுக்கணும், செங்குத்து ஏணி ஏறணும்.”

மருத்துவர் ஃபைலைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “இது தெரிஞ்சிருந்தா முதுகுத் தசையை நான் முதல் யோசனையா சொல்லியிருக்க மாட்டேன். மேஜை வேலைன்னு நினைச்சுட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே டாக்டர்.”

“நியாயம்தான்,” என்றார் மருத்துவர். “நான் கேட்டிருக்கணும்.”

“எனக்கு எதுவும் வைக்க வேணாம். எடுத்துட்டுத் தைச்சு விட்டுடுங்க.”

“செய்யலாம். ஆனா ஒரு விஷயம். கொஞ்சம் தோலைத் தாராளமா விட்டு வைக்கறேன். ஆறு மாசம் கழிச்சு உங்க மனசு மாறினா உதவும்.”

“அது வரைக்கும் அந்தத் தோலு என்ன பண்ணும்?”

“கொஞ்சம் மடிஞ்சு தொங்கும்.”

“வேணாம். என் வேலைக்கு விழாம இருக்க இடுப்புலேருந்து தோள் வரைக்கும் வார் கட்டணும். மடிப்பு இருந்தா அதுக்கடியில மாட்டித் தேயும், புண்ணாகும். மடிப்பு இல்லாம, வழவழன்னு, தட்டையா வேணும்.”

“நிறைய பேரு பின்னால வருத்தப்படறாங்கம்மா.”

“படலாம். அப்படி நான் வருத்தப்பட்டா அப்ப ஏதாவது செய்ய முடியுமா, வழி அடைஞ்சு போயிடுமா? அதை மட்டும் சொல்லுங்க.”

மருத்துவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “அடையாது. கதிர்வீச்சு முடிஞ்சு, உடம்பு தேறின பிறகு செய்யலாம். ஆனா இப்ப செய்யறதைவிடக் கஷ்டம். தோலும் வேற இடத்துலேருந்துதான் எடுக்கணும். இவ்வளவு நல்லா வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

“அந்தக் கஷ்டம் தெரிஞ்சுதான் சொல்றேன். எழுதிக்குங்க.”

மருத்துவர் கணவன் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

கணவன் நெளிந்தான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “டாக்டர், படிவத்துல ஒரே ஒரு கட்டத்துல நான் எழுதினதே இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்துடுச்சு. இதுல நான் எதுவும் எழுதறதா இல்ல. அவ சொல்றதுதான்.”

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் அண்ணி. “உள்ளாடைக்குள்ள வச்சுக்கற மாதிரி ஏதோ இருக்காமே?”

“இருக்கு. புண்ணு ஆறின பிறகு நம்ம நர்ஸ் அளவு பார்த்துத் தருவாங்க. தினமும் வச்சுக்கணும்னு கட்டாயம் இல்ல.”

“அது சரி,” என்றாள் ஸ்பேனர். “கழட்டி மாட்டற பாகம்னா எனக்குப் பழக்கம்தான். விசேஷத்துக்கு மாட்டிக்கறேன் அண்ணி, உங்களுக்காக. ஏணிக்கு மாட்ட மாட்டேன்.”

“என்னத்தையோ பண்ணு,” என்று அண்ணி கண்ணைத் துடைத்தாள். பிறகு மருத்துவரிடம், “இவ லிஃப்ட் மெக்கானிக் டாக்டர். எங்க கட்டடத்து லிஃப்டை நேத்து இவதான் ஓட வச்சா,” என்றாள். அந்தச் செய்தியை அவள் வெளியாளிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளே கொஞ்சம் திகைத்துப்போய்க் கைப்பையைத் திறந்து மூடினாள்.

மருத்துவர் பழைய படிவத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். புதியதில், ‘மறுசீரமைப்பு இல்லை, அதிகத் தோல் விடாமல் தட்டையாக மூட வேண்டும்’ என்று எழுதினார். ஸ்பேனர் அதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை விரல் வைத்துப் படித்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் கடைசி வடிகுழாயையும் எடுத்துக் கட்டைப் பிரித்தார்கள்.

“நீங்க வெளியில இருக்கறீங்களா சார்?” என்று நர்ஸ் கேட்டாள்.

“இல்ல, இருக்கேன்,” என்றான் கணவன்.

ஸ்பேனர்தான் முதலில் குனிந்து பார்த்தாள். நெஞ்சின் வலது பக்கம் நேராக ஒரு சிவப்புக் கோடு. மடிப்பு இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அங்கே இருந்த ஒன்று இல்லை என்பதை மூளைக்கு முன்பே கண் புரிந்துகொண்டது. அவள் அழுதாள். அழுகையை நிறுத்த அவள் முயற்சி செய்யவில்லை. அதற்கும் ஐந்து நிமிஷம் கொடுத்தாள். கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் பார்த்தான். முதலில் ஓரக்கண்ணால், பிறகு நேராக.

“தையல் நேரா இருக்கு,” என்றான்.

“நல்ல கை அந்த அம்மாவுக்கு,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு நர்ஸிடம் திரும்பினாள் ஸ்பேனர். “சிஸ்டர், நான் கையை எப்ப தலைக்கு மேல தூக்கலாம்?”

“இன்னிலேருந்து ஆரம்பிக்கலாம். சுவரைப் பார்த்து நின்னு, விரலாலயே மெதுவா மேல ஏறுங்க. வலிச்சா அங்க நிறுத்திடணும். ஏணி, பளு எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். கதிர்வீச்சும் முடியணும். மாசக்கணக்காகும்.”

“ஆகட்டும்.”

வீட்டுக்கு வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துச் சுவரின் முன் நின்றாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எறும்பு போல ஏறின. தோள் உயரத்தைத் தாண்டின. முகவாய். அக்குளில் கயிறு கட்டி இழுத்தது போல ஒரு சுளீர். விரல்கள் நின்றன.

கணவன் பென்சிலோடு வந்தான். கடையில் தினமும் முப்பது பேரிடம் அடுத்த வரியைப் படியுங்கள் என்று சொல்கிறவன், இங்கே விரல் நின்ற இடத்திலேயே பென்சிலைச் சுவரில் வைக்கப் போனான்.

“இருங்க,” என்றாள் அவள். மூச்சை இழுத்து விட்டாள். நெற்றியில் வேர்த்திருந்தது. நடுவிரல் மெல்ல எழும்பி, ஒரு நகக்கண் அளவு மேலே போய் ஊன்றிக்கொண்டது.

“இப்ப போடுங்க. பக்கத்துல தேதியும் எழுதுங்க. நாளைக்கு இதுக்கு மேல.”